காற்று பிரிந்ததா? குடல் அறுவைக்குப் பிந்தைய வலியும் கஞ்சா மருந்தும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் கர்நாடகத்தின் கடைசி ஊர் அத்திபெலே. அங்குள்ள சுங்கச் சாவடியைக் கடந்த சில நிமிடங்களில் ஜூஜூவாடி வந்துவிடும், அது தமிழ்நாடு. தொழிற்பேட்டை வேலையை நம்பி இரு பக்கங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறிய வட்டாரம் இது. ஆகையால் இங்குள்ள மருத்துவமனைக் கூடங்களில் ஒரே கேள்வி கன்னடம், தமிழ், தெலுங்கு என மூன்று மொழிகளிலும் ஒலிப்பது இயல்பு. குடலில் அறுவை நடந்த நோயாளியிடம் காலைச் சுற்றில் வரும் மருத்துவர் தவறாமல் கேட்பது, "காற்று பிரிந்ததா?" என்பதே. நோயாளி கூச்சப்படுவார்; துணைக்கு இருப்பவர் சிரிப்பை அடக்கிக்கொள்வார். ஆனால் அந்த ஒரு விடையைப் பொறுத்தே அன்றைய உணவு, நடை, வீடு திரும்பும் நாள் ஆகிய அனைத்தும் முடிவாகின்றன.

கைபட்ட குடல் தன் அசைவை நிறுத்திக்கொள்ளும். சிறுகுடல் ஒரு நாளுக்குள் மீளும். இரைப்பைக்கு ஓரிரு நாள் ஆகும். பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்கு மேலும் அது அசையாதிருந்தால் வயிறு உப்பும், வாந்தி வரும், மூக்கு வழியே குழாய் செருக வேண்டியிருக்கும். மருத்துவமனையில் கூடும் ஒவ்வொரு நாளும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி இழப்பு, ஒரு நாள் கட்டணச் சுமை. மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால் போன்ற அபினி வகை வலிநீக்கிகள் மூளையில் மட்டுமல்லாமல் குடல் நரம்புகளிலும் சென்று ஒட்டிக்கொள்வதால் இந்த உறக்கத்தை நீட்டிக்கின்றன. அவற்றைக் கொடுக்காமல் விடவும் இயலாது. வயிறு கிழிந்தவன் வலியால் இருமாமல் இருந்தால் நுரையீரலில் சளி தங்கும். எழுந்து நடக்காமல் இருந்தால் காலில் இரத்தம் உறையும். வலியே பரிவு நரம்புகளைத் தூண்டிக் குடலை மேலும் அடக்கும். மருந்தும் குடலைக் கட்டுகிறது, மருந்தின்மையும் கட்டுகிறது என்ற இந்தச் சிக்கலுக்கு விடை தேடுவதிலேயே மயக்கவியல் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளைச் செலவிட்டிருக்கிறார்கள்.

இந்த இடைவெளியில்தான் கஞ்சாவின் பெயர் நுழைகிறது. அத்திபெலேயிலிருந்து நகருக்குள் செல்லும் ஓசூர் சாலையை ஒட்டிய கோரமங்கலாவில் 2020ஆம் ஆண்டு, இந்தியாவின் முதல் மருத்துவக் கஞ்சா மையம் என்ற அறிவிப்போடு ஒரு நிலையம் திறக்கப்பட்டது. அதன்பின் 'விஜயா' என்ற ஆயுர்வேதப் பெயரைத் தாங்கிய எண்ணெய்களும் மாத்திரைகளும் ஆயுஷ் உரிமத்துடன் இணையத்தில் விற்பனைக்கு வந்துவிட்டன. காணொளி வழியே ஒரு மருத்துவ ஆலோசனை, பிறகு கூரியரில் ஒரு புட்டி. அவற்றின் விளம்பரங்களில் வலி முதலிடம் பெறுகிறது. இவற்றுக்கு ஆதரவாகப் பேசுவோர் முன்வைக்கும் வாதம் கேட்பதற்கு எளிமையானது: அபினி மருந்துகள் குடலை நிறுத்துகின்றன, கஞ்சா அபினி அன்று, ஆகவே குடல் அறுவைக்குப் பின் கஞ்சாவே பொருத்தமான வலிநீக்கி.

இந்த வாதத்தின் முதல் இரண்டு கூற்றுகளும் உண்மை. மூன்றாவது அவற்றிலிருந்து பிறப்பதில்லை. கஞ்சாவின் மூலக்கூறுகள் வேறொரு கதவு வழியே நுழைந்தாலும் குடலில் செய்வது ஏறக்குறைய அதே வேலையைத்தான். இதைக் கண்டறிய நவீன ஆய்வகம்கூடத் தேவைப்படவில்லை. இந்திய மருத்துவ மரபு நெடுங்காலமாக இதை அறிந்திருந்தது. கஞ்சா இலை சேரும் ஆயுர்வேத மருந்துகளுள் நன்கறியப்பட்டது ஜாதிபலாதி சூரணம். அது முதன்மையாகப் பரிந்துரைக்கப்படுவது கிரகணிக்கு, அதாவது நிற்காத கழிச்சலுக்கு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் வில்லியம் ஓஷாக்னஸி 1839இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, மேற்கத்திய மருத்துவத்துக்குள் கஞ்சாவைக் கொண்டுசேர்த்தது. அவர் இந்தச் செடியின் பிசினைக் கொடுத்துப் பார்த்த நோய்களுள் வாதவலி, இசிவு நோய் ஆகியவற்றோடு காலராவும் இருந்தது. (காலராவில் உடல் இழக்கும் உப்பையும் நீரையும் இரத்தக்குழாய் வழியே ஈடுசெய்யலாம் என்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தில் முன்மொழிந்தவரும் இவரே. மருத்துவ வரலாற்றில் அவர் பெயரை நிலைநிறுத்தியிருக்க வேண்டியது அந்தக் கருத்துதான். கஞ்சா அதை மறைத்துவிட்டது.) ஓடும் குடலை நிறுத்துவதற்காகப் பழையவர்கள் கையாண்ட பொருளை, நின்றுபோன குடலை உடையவனுக்குக் கொடுக்க முனைவோர், மரபின் பெயரைச் சொல்லிக்கொண்டே மரபு சொன்னதற்கு எதிர்த்திசையில் செல்கிறார்கள்.

இன்று அதன் காரணமும் தெரியும். கஞ்சாவின் போதைக்குக் காரணமான டி.எச்.சி. என்ற வேதிப்பொருளை ரஃபேல் மெக்கூலமும் அவர் குழுவினரும் 1964இல் இஸ்ரேலில் பிரித்தெடுத்தனர். அது ஒட்டிக்கொள்ளும் ஏற்பி 1990இல் அடையாளம் காணப்பட்டது. அதே ஏற்பிக்காக உடலே சுரக்கும் ஒரு பொருள் 1992இல் கண்டறியப்பட்டபோது, 'ஆனந்த' என்ற வடசொல்லை முதலாக வைத்து அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டனர். பெயரில் ஆனந்தம் இருந்தாலும் குடல் நரம்புகளில் அதன் பணி பிரேக் போடுவது. குடல் சுவரைச் சுருக்கும் அசிட்டைல்கோலின் என்னும் நரம்புச் செய்தியை இந்த ஏற்பி குறைக்கிறது. இரைப்பை காலியாவது தாமதமாகிறது. பெருங்குடலின் இறுக்கம் தளர்கிறது. செயற்கையாக உருவாக்கப்பட்ட டி.எச்.சி.யான டிரோனபினாலை நலமுள்ளவர்களுக்குக் கொடுத்து அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: உணவுக்குப் பின் இயல்பாக எழ வேண்டிய பெருங்குடல் அசைவு குறைந்தது.

குடல் கொஞ்சம் தாமதித்தாலும் வலி உறுதியாகத் தீருமானால் அந்தப் பேரத்தை ஏற்கலாம் என்று ஒருவர் சொல்லக்கூடும். நியாயமான கேள்விதான். அறுவைக்குப் பிந்தைய வலியில் கன்னாபினாய்டுகள் சோதிக்கப்பட்ட ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு; அவையும் பெரும்பாலும் குடல் அறுவையில் செய்யப்பட்டவை அல்ல. 2003இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், வயிற்றின் வழியே கருப்பை அகற்றப்பட்ட 40 பெண்கள் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு 5 மில்லிகிராம் டி.எச்.சி.யும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் வாய்வழி தரப்பட்டன. வலியில் வேறுபாடு இல்லை. 2006இல் கனடாவில் 41 நோயாளிகளிடம் நபிலோன் என்ற செயற்கைக் கன்னாபினாய்டைச் சோதித்தபோது நிலைமை அதைவிட மோசம்: கூடுதல் அளவு நபிலோன் பெற்றவர்கள், வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட அதிக வலியைத் தெரிவித்தனர். வலிநீக்கி என்று கொடுத்த மருந்து வலியைக் கூட்டியிருக்கிறது.

அதே 2006இல் வெளியான இன்னொரு ஆய்வை ஆதரவாளர்கள் மறவாமல் குறிப்பிடுவார்கள், குறிப்பிடவும் வேண்டும். பிரிட்டனில் பல மருத்துவமனைகளில் கஞ்சாச் செடியின் சாற்றை 5, 10, 15 மில்லிகிராம் என்று படிப்படியாக உயர்த்தி 65 பேருக்குக் கொடுத்தனர். 5 மில்லிகிராம் பெற்ற அனைவரும் கூடுதல் வலிமருந்து கேட்டனர். 10 மில்லிகிராம் பெற்றோரில் பாதிப் பேர் கேட்டனர். 15 மில்லிகிராம் பெற்றோரில் கால்பங்கினர் மட்டுமே கேட்டனர். அளவு கூடக்கூட விளைவும் கூடுகிறது என்பது மருந்தியலில் புறக்கணிக்க முடியாத சான்று. ஆனால் ஒப்பிடுவதற்கு வெற்று மாத்திரை பெற்ற குழு அங்கே இல்லை. மேலும் 15 மில்லிகிராம் நிலையில் ஒருவருக்குக் கடுமையான பக்கவிளைவு நேர்ந்ததால் ஆய்வு நிறுத்தப்பட்டது. பலன் தெரியத் தொடங்கும் அளவும் ஆபத்து தெரியத் தொடங்கும் அளவும் மிக அருகருகே இருக்கின்றன. குமட்டலை அடக்கும் என்ற நம்பிக்கைக்கும் இதே கதிதான்: புற்றுநோய் மருந்துகளால் வரும் குமட்டலில் பயன்படும் நபிலோன், அறுவைக்குப் பிந்தைய குமட்டலைத் தடுக்கவில்லை என்று 2017இல் கனடாவில் நடந்த ஆய்வு காட்டியது. உலக வலி ஆய்வுச் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், வலிக்காகக் கன்னாபினாய்டுகளைப் பொதுவாகப் பயன்படுத்துவதை ஆதரிக்கப் போதிய சான்று இல்லை என்று கூறியது. சான்று இல்லை என்பது பயன் இல்லை என்பதற்குச் சமமாகாது என்றும் அந்த நிலைப்பாட்டை வாசிக்கலாம். ஆனால் விற்பவர்களுக்கு அந்த வாசிப்பு உரிமம் ஆகாது.

குரோன் நோயாளிகளின் அனுபவம் இங்கே தனியே பேசப்பட வேண்டியது. குடலழற்சியால் ஆண்டுக்கணக்கில் துன்புற்று, கடைசியில் குடலின் ஒரு பகுதியை இழப்பவர்கள் இவர்கள். கஞ்சா தங்களுக்கு நிம்மதி தருகிறது என்று இவர்களுள் பலர் சொல்வது பொய்யன்று. இஸ்ரேலில் 2013இல் 21 பேரிடம் நடந்த சிறு ஆய்வில் அறிகுறிகள் தணிந்தன. பசியும் உறக்கமும் மேம்பட்டன. நோய் முழுமையாகத் தணிந்தவர்களின் எண்ணிக்கையில் மட்டும் உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. கனடாவில் 2014இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், ஆறு மாதத்துக்கு மேல் கஞ்சா பயன்படுத்திய குரோன் நோயாளிகளுக்கு அறுவை தேவைப்படும் வாய்ப்பு மிகுந்திருந்தது. நோய் முற்றியவர்களே கஞ்சாவை நாடினர் என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். கஞ்சா வலியை மூடியதால் நோய் உள்ளே வளர்ந்தது என்பதும் காரணமாக இருக்கலாம். எது என்று அந்தக் கணக்கெடுப்பால் சொல்ல இயலாது. ஆனால் வலி தணிவது நோய் தணிவதன்று என்ற எச்சரிக்கை குடல் மருத்துவத்தில் மிகப் பழையது: வயிற்றுவலியை மருந்தால் அடக்கிவிட்டு, கிழிந்த குடலைத் தவறவிட்ட கதைகளைக் கேட்காத அறுவை மாணவர் இருக்க மாட்டார்.

இனிச் சட்டம். அத்திபெலே சாவடியைக் கடக்கும் சரக்குந்தில் கஞ்சா பிடிபட்டதாகச் செய்தி வந்தால் இரு மாநில வாசகர்களுக்கும் அது புதிதன்று. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் சாவடியின் இரு பக்கத்துக்கும் பொது. அச்சட்டம் கஞ்சா என்று வரையறுப்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளை. நுனியோடு சேராத இலையையும் விதையையும் அது விலக்கிவிடுகிறது. பாங் அந்த விலக்கில்தான் வாழ்கிறது. பெங்களூரு பேகூர் காவல் நிலைய வழக்கு ஒன்றில் 2022இல் பிணை வழங்கிய கர்நாடக உயர்நீதிமன்றம், பாங் இச்சட்டத்தின் தடைக்குள் வரும் என்று காட்ட எதுவும் இல்லை எனக் கூறியது. 'விஜயா' விற்பனையும் இதே இலை வரையறையின் மேல்தான் நிற்கிறது. சட்டம் தன் வசதிக்காக இலைக்கும் பூவுக்கும் இடையே கோடு கிழித்தது. மருந்தியல் அந்தக் கோட்டை அறியாது. இலையிலும் டி.எச்.சி. உண்டு. இலையிலிருந்து செறிவாக்கி எடுத்த சாறு குடல் ஏற்பிக்குள் சென்றபின், தான் எந்தப் பாகத்திலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்வதில்லை. இதன் விளைவு விந்தையானது. சோதிக்கப்படாத சாற்றை வலிக்கு விற்பது எளிது. அதே சாற்றை முறையான ஆய்வில் நோயாளிக்குக் கொடுக்க அனுமதி பெறுவது கடினம். மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு அச்சட்டத்தின் 8ஆம் பிரிவு தெளிவாக இடம் விட்டிருக்கிறது. ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் 2020 டிசம்பரில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்க வாக்கெடுத்தபோது இந்தியா ஆதரவாக வாக்களித்தது. தீர்மானம் 27க்கு 25 என்ற கணக்கில் நிறைவேறியது. ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஆய்வுக்கூடம் ஒன்று கஞ்சாவை மருந்தாக்கும் திட்டத்தை நடத்தி வருகிறது. கதவு பூட்டப்படவில்லை. தள்ளுவதற்குத்தான் ஆளில்லை.

சட்டத்தால் விளையும் இன்னொரு கேடு இதைவிட உடனடியானது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கஞ்சா புகைக்கும் பழக்கமுள்ள ஓர் இளைஞன் குடல்வால் வெடித்து அல்லது குடல் முறுக்கிக்கொண்டு அறுவைக் கூடத்துக்கு வருவதாகக் கொள்ளலாம். மதுவும் பீடியும் உண்டா என்ற கேள்விக்கு அவன் விடை சொல்வான். கஞ்சாவைப் பற்றிச் சொல்ல மாட்டான். 27ஆம் பிரிவின்படி நுகர்வே ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம் என்பது அவனுக்கு ஏதோ ஒரு வகையில் தெரியும்; அருகில் தந்தையும் நிற்பார். ஆனால் மயக்க மருந்து கொடுப்பவருக்கு அந்தச் செய்தி இன்றியமையாதது. நாள்தோறும் கஞ்சா பயன்படுத்துவோருக்கு மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம். அண்மையில் புகைத்தவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அறுவைக்குப் பின் அவர்களுக்கு வலி மிகுதியாகவும் அபினி மருந்துத் தேவை கூடுதலாகவும் இருக்கக் காணப்படுகிறது. கஞ்சாவே வலிநீக்கி என்ற வாதத்தை இந்த ஒரு தகவலே வலுவாகக் கேள்விக்குள்ளாக்குகிறது. நீண்ட காலம் பயன்படுத்துவோரில் சிலருக்கு வயிற்றுவலியும் ஓயாத வாந்தியும் கொண்ட ஒரு நோயும் வருகிறது. 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் அதை விவரித்தனர். அறுவைக்குப் பிந்தைய மூன்றாம் நாளில் அந்த வாந்தியையும் குடல் அடைப்பின் வாந்தியையும் பிரித்தறிவது எளிதன்று. அமெரிக்க வட்டார மயக்கவியல் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் முதன்மையான பரிந்துரை, மயக்க மருந்து பெறவிருக்கும் ஒவ்வொருவரிடமும் கஞ்சாப் பழக்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதே. தந்தையை வெளியே அனுப்பிவிட்டு, நோயாளியின் மொழியில், 'இது மருத்துவ இரகசியம். காவல் துறைக்குச் செல்லாது' என்ற உறுதியோடு கேட்கும் வழக்கத்தை உருவாக்க எந்த இறக்குமதி மருந்தும் வேண்டியதில்லை.

1985 என்ற ஆண்டைச் சற்று நின்று பார்க்கலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் டிரோனபினாலுக்கும் நபிலோனுக்கும் இசைவளித்த அதே ஆண்டில்தான் இந்தியப் போதைப்பொருள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் கஞ்சாவைவிடக் கடுமையாக நோயாளிகளைத் தாக்கியது மார்ஃபினின் வழியே. உரிமங்களுக்கும் தண்டனைக்கும் அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினை வைத்திருப்பதையே கைவிட்டன. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. உலகுக்கே சட்டப்படி அபினி விளைவித்துத் தரும் நாட்டில், சொந்தப் புற்றுநோயாளிகள் வலியால் கதறினர். கேரளத்தின் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரைப் போன்றோரும் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. இன்றும் பல ஊர்களின் மருத்துவமனைகளில் அறுவைக்குப் பின் முறையாக அளந்த மார்ஃபின் கிடைப்பது அரிது; பாராசிட்டமாலும் டிரமடாலும் கிடைத்தால் போதும் என்ற நிலை.

இந்தச் சூழலில், குடல் அறுவை நோயாளியின் வலிக்குக் கஞ்சாவை முன்னிறுத்துவது கவனத்தைத் தவறான இடத்துக்குத் திருப்புகிறது. செய்யத்தக்கவை ஏற்கெனவே தெரியும். டென்மார்க்கின் ஹென்ரிக் கெலட் 1990களில் தொடங்கிவைத்த விரைவு மீட்பு முறை, ஒரே மருந்தை நம்புவதை விட்டுப் பல சிறு உத்திகளைச் சேர்த்தது: முதுகுத்தண்டு வழி எபிடியூரல் அல்லது வயிற்றுச் சுவர் நரம்புகளுக்கு மரப்பூசி, நேரம் தவறாத பாராசிட்டமால், அளவான திரவம், தேவையில்லாத மூக்குக்குழாயைத் தவிர்த்தல், அறுவை நாளன்றே எழுந்து உட்காருதல், விரைவில் வாய்வழி உணவு. சூயிங்கம் மெல்லுவதுகூடக் குடலை எழுப்பும் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். உண்கிறோம் என்று குடல் ஏமாந்துபோவதுதான் அதன் தத்துவம். இவற்றுள் பல செலவற்றவை. ஆயினும் இவற்றைக் கடைப்பிடிக்க இரவுப் பணியில் வலியை எண்ணால் அளந்து எழுதிவைக்கும் செவிலியரும், அழைத்தால் வரும் மயக்கவியல் மருத்துவரும் வேண்டும். ஒரு செவிலியர் இரண்டு கூடங்களைப் பார்க்கும் இடத்தில் அது நடப்பதில்லை. எண்ணெய்ப் புட்டி அந்தப் பற்றாக்குறையை நிரப்பாது, மறைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஆய்வே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. போதை தராத சி.பி.டி. குடலை அவ்வளவாக அடக்குவதில்லை. அழற்சியோடு தொடர்புடைய இரண்டாவது ஏற்பியை மட்டும் தொடும் மூலக்கூறுகள் விலங்குகளில் நம்பிக்கை தருகின்றன. அத்திபெலேயிலிருந்து நகருக்குச் செல்லும் ஒரே சாலையில் பொம்மசந்திராவின் நாராயணா, செயின்ட் ஜான்ஸ், கித்வாய், நிமான்ஸ் என்று நாட்டின் பெரிய மருத்துவ நிறுவனங்கள் வரிசையாக நிற்கின்றன. குடல் புற்றுக்கு அறுவை செய்துகொள்பவர்களிடம், நல்ல எபிடியூரல் முறையோடு சேர்த்து, தரப்படுத்திய சி.பி.டி.யை வெற்று மாத்திரையோடு ஒப்பிடும் ஓர் ஆய்வை நடத்தத் தேவையான நோயாளிகளும் வல்லுநர்களும் இந்த முப்பது கிலோமீட்டருக்குள் உண்டு. அந்த ஆய்வு வலி எண்ணை மட்டும் அளந்து முடிந்துவிடக் கூடாது. அதன் முதன்மைக் கணக்கில் இன்னொரு பத்தியும் இருக்க வேண்டும்: அறுவை முடிந்து எத்தனையாவது மணியில் காற்று பிரிந்தது, எத்தனையாவது மணியில் நோயாளி முதல் இட்லியை உண்டு உள்ளே தங்கவைத்தார். அந்தப் பத்தி நிரம்பும்வரை, கூரியரில் வரும் புட்டியின் மேல் 'அறுவைக்குப் பிந்தைய வலிக்கு' என்று அச்சிடும் உரிமை எவருக்கும் இல்லை.